எழுவாய் இல்லாத வாக்கியம்

கேள்வி இதுதான்: “ஜெர்மானியர்கள் தங்கள் போர்க்குற்றங்களை ஒப்புக்கொண்டு தலைகுனிந்தார்கள். ஜப்பானியர்கள் மட்டும் இன்றுவரை மறுக்கிறார்களே, ஏன்? பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லித் தருவதில்லையாமே? அங்கே சாதாரண மக்கள் இதைப் பற்றி என்னதான் நினைக்கிறார்கள்?”

கேள்விக்குள்ளேயே பாதிப் பதிலை வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, ஹிரோஷிமாவில் இருக்கும் ஒரு கல்வெட்டிலிருந்து தொடங்குகிறேன்.

அமைதிப் பூங்காவின் நடுவே, குதிரைச் சேணம்போல வளைந்த கூரைக்குக் கீழே ஒரு கல்பேழை இருக்கிறது. அணுகுண்டில் இறந்தவர்களின் பெயரேடுகள் அதற்குள் இருக்கின்றன. 1952 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதைத் திறந்தார்கள். முகப்பில் பொறித்த வரியின் முதல் பாதி எளிது: ‘அமைதியாக உறங்குங்கள்’. சிக்கல் இரண்டாம் பாதியில். ‘அயமாச்சி வா குரிகாயெஷிமாசேனு காரா’. அயமாச்சி என்றால் தவறு. அதைத் திரும்பச் செய்வதில்லை என்கிறது வினைச்சொல். யார் செய்வதில்லை? அது அந்த வரியில் இல்லை. ஜப்பானிய வினை ஆளைக் காட்டாது. தமிழில் உறுதிமொழி என்றால் அப்படித் தப்பிப்பது கடினம். மாட்டேன், மாட்டோம், மாட்டார்கள் என்று வினைமுற்றே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆளே வேண்டாம் என்றால் ‘இனி நடக்காது’ என்று அதை மழை, புயல் மாதிரி ஆக்க வேண்டும். இந்த ஒரு வரியைத் தமிழாக்க உட்கார்ந்தாலே முதலில் ஓர் அரசியல் முடிவு எடுத்தாக வேண்டும்.

இந்தச் சிக்கலைக் கிளப்பியவர் ஓர் இந்தியர். டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரையும் குற்றமற்றவர்கள் என்று தனித் தீர்ப்பு எழுதிய வங்காள நீதிபதி ராதாபினோத் பால், 1952 நவம்பரில் ஹிரோஷிமாவுக்கு வந்தார். வரியின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கொதித்தார். குண்டு போட்டவன் அமெரிக்கன், தவறு செய்ததாக ஜப்பானியன் ஏன் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். வரியை எழுதிய ஹிரோஷிமாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாய்கா தாதாயோஷி அவருக்குப் பதில் எழுதினார்: இங்கே பேசுவது மனிதகுலம் முழுவதும். இன்றும் நகராட்சி தரும் அதிகாரபூர்வ விளக்கம் அதுதான்.

என் பதில் இந்த வரிக்குள்ளேயே இருக்கிறது. போர் தவறு, கொடியது, இனி ஒருபோதும் கூடாது: இதில் ஜப்பானியர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் போய் எடுத்துச்சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் ‘யார், யாருக்கு, என்ன செய்தார்கள்’ என்று கேட்டால் எழுவாய் நழுவிவிடும். இதற்கு ‘மறுப்பு’ என்று பெயர் வைத்தால் பாதிதான் புரியும். மறுப்பவர்கள் வேறு; அவர்கள் சிறிய கூட்டம், குரல் மட்டும் பெரிது.

கணக்கு வேண்டுமென்றால் 2005இல் யோமியூரி நாளிதழ் எடுத்த கருத்துக்கணிப்பைப் பாருங்கள். யோமியூரி வலதுசாரிச் சாய்வுள்ள பத்திரிகை, விற்பனையில் முதலிடம். சீனாவுடன் நடந்த போர், பசிபிக் போர் இரண்டுமே ஆக்கிரமிப்பு என்றவர்கள் 34 சதவீதம். சீனாவில் செய்தது ஆக்கிரமிப்பு, அமெரிக்காவுடன் நடந்தது அப்படியல்ல என்றவர்கள் இன்னொரு 34 சதவீதம். இரண்டுமே ஆக்கிரமிப்பு இல்லை என்றவர்கள் 10 சதவீதம்தான். ஆக மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், சீனாவில் நடந்ததை ஆக்கிரமிப்பு என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ‘இன்றுவரை மறுக்கிறார்கள்’ என்பது இந்த எண்களோடு ஒட்டவில்லை. நடுவில் இருக்கும் 34 சதவீதம்தான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. இந்த இரண்டாகப் பிரிக்கும் கணக்கில் மலாயா, பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் எல்லாம் எங்கே போயின? அந்த நாட்டுக்காரர்கள் இருந்த இடமே தெரியாமல், அது ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த சண்டையாகச் சுருங்கிவிட்டது.

போருக்கே அவர்களிடம் ஒப்புக்கொண்ட பெயர் கிடையாது என்பது தெரியுமா? போர்க்காலத்தில் ‘மாபெரும் கிழக்காசியப் போர்’ என்றார்கள்; தோற்றதும் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் அந்தப் பெயரைத் தடை செய்து ‘பசிபிக் போர்’ என்பதைக் கொண்டுவந்தது. அதில் சீனா காணாமல் போகிறது. இடதுசாரி அறிஞர்கள் 1931இல் ஜப்பான் சீனாவின் மஞ்சூரியாவுக்குள் புகுந்ததிலிருந்து எண்ணி ‘பதினைந்து ஆண்டுப் போர்’ என்றார்கள். எதைச் சொன்னாலும் கட்சி கட்டிய மாதிரி ஆகிவிடும் என்பதால் எல்லாரும், மன்னர் உட்பட, ‘அந்தப் போர்’, ‘முந்தைய பெரும் போர்’ என்று சொல்லிக் கடந்துபோகிறார்கள். ஆகஸ்ட் 15க்கு வழக்கில் உள்ள பெயரும் ‘போர் முடிந்த நாள்’. தோற்ற நாள் இல்லை.

இது எப்படி வந்தது? 1945க்குப் போக வேண்டும். அன்று வானொலியில் பேசிய மன்னர் ஹிரோஹிதோ ‘தோல்வி’, ‘சரணடைதல்’ என்ற சொற்களைப் பயன்படுத்தவே இல்லை. போர் நிலவரம் நமக்கு அனுகூலமாக அமைந்துவிட்டது என்று சொல்ல முடியாது என்கிற தோரணையில் ஒரு வாக்கியம், அவ்வளவுதான். அடுத்து வந்த பிரதமர் இளவரசர் ஹிகாஷிகுனி, ‘பத்துக் கோடிப் பேரும் சேர்ந்து மனம் வருந்த வேண்டும்’ என்றார். எல்லாரும் குற்றவாளி என்றால் யாருமே குற்றவாளி இல்லை என்றாகிறது. அதிலும் அந்த வருத்தம் யாரைப் பார்த்து? சீனர்களையோ கொரியர்களையோ பார்த்து இல்லை. தோற்றுப்போனதற்காக மன்னரைப் பார்த்து.

அப்புறம் அமெரிக்கர்கள் வந்து வேறு கதை கொடுத்தார்கள்: ராணுவத்துக்குள் இருந்த ஒரு கும்பல் அப்பாவி மக்களை ஏமாற்றிவிட்டது. கேட்க இதமான கதை. மன்னரை வைத்தே நாட்டை ஆள நினைத்த அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத் தலைவர் மக்ஆர்தருக்கும் வசதி, மக்களுக்கும் வசதி. டோக்கியோ விசாரணையில் 25 பேர் தண்டிக்கப்பட்டார்கள். 1948 டிசம்பர் 23 அன்று போர்க்காலப் பிரதமர் தோஜோ உட்பட ஏழு பேரைத் தூக்கிலிட்டார்கள். எந்த மன்னர் பெயரால் போர் நடந்ததோ அவர் சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை. தூக்குக்கு மறுநாள், முதல்தரப் போர்க்குற்றச் சந்தேகத்தில் மூன்று ஆண்டுகள் சிறையில் இருந்த கிஷி நொபுசுகே விடுதலையானார். தோஜோவின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சராக இருந்தவர், 1957இல் பிரதமர். பின்னாளில் பிரதமரான ஷின்சோ அபே இவருடைய மகள் வயிற்றுப் பேரன். மேலே மன்னர் அப்படியே, நடுவே அதிகாரிகள் அப்படியே. இந்த நிலையில் கீழே இருக்கும் ஒரு முன்னாள் சிப்பாயை மட்டும் கூப்பிட்டு ‘நீ என்ன செய்தாய்’ என்று யார் கேட்பது?

எல்லாரும் இந்தக் கதையை விழுங்கிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். திரைப்பட இயக்குநர் இதாமி மன்சாக்கு, 1946இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் வெளியான கட்டுரையில், இன்று யாரைக் கேட்டாலும் ஏமாந்தேன் என்கிறார்களே, ஏமாற்றினேன் என்று ஒருவரும் சொல்லக் காணோமே என்று எழுதினார். ஏமாந்து போனதும் ஒரு குற்றம்தான் என்பது அவர் கட்சி. அந்தக் கட்டுரையை இப்போது படித்தாலும் சுடுகிறது.

ஹிரோஹிதோவிடம் அந்தக் கேள்வியை நேரடியாகவே ஒருமுறை கேட்டார்கள். 1975 அக்டோபர் 31, பத்திரிகையாளர் சந்திப்பு. போர்ப் பொறுப்பு பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரு நிருபர் கேட்டார். அவர் சொன்ன பதிலின் சாரம்: அந்த மாதிரிச் சொல் நயங்களை, இலக்கியப் பக்கத்து விஷயங்களை நான் அதிகம் படித்ததில்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை. பதினான்கு ஆண்டுக் காலம் எல்லா முனைகளிலும் அவர் பெயரைச் சொல்லிச் செத்தவர்களுக்கும் கொன்றவர்களுக்கும் கிடைத்த பதில் அது.

இனி மக்கள் பக்கம் நின்று பாருங்கள். ஜப்பானியர்களில் இறந்தவர்கள் சுமார் 31 லட்சம். அதில் 23 லட்சம் பேர் ராணுவத்தினர், 8 லட்சம் பேர் பொதுமக்கள். சீனாவில் கம்பெனித் தளபதியாக இருந்து பின்னாளில் வரலாற்றாசிரியரான ஃபுஜிவாரா அகிரா, ராணுவச் சாவுகளில் பாதிக்கு மேல் பட்டினியாலும் அதையொட்டிய நோயாலும் வந்தவை என்று கணக்கிட்டார். சோறு போடாமல் தீவுகளில் விட்டுவிட்டார்கள். ஊரில் இருந்தவர்களுக்கு 1945 மார்ச் 10 இரவு. டோக்கியோவில் ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் கருகினார்கள். ஆகவே பாட்டி பேரனுக்குச் சொன்ன போர்க்கதை என்பது தீ, பசி, இழந்த தம்பி. தாத்தா சீனாவில் என்ன செய்தார் என்பதைத் தாத்தா சொல்லவே இல்லை. ஒவ்வோர் ஆகஸ்டிலும் தொலைக்காட்சியும் பத்திரிகையும் போர் நினைவுகளால் நிரம்பும். அதற்கு ‘ஆகஸ்ட் இதழியல்’ என்றே கேலிப் பெயர் உண்டு. அதில் வருவது பெரும்பாலும் பாட்டியின் கதை. பொய்க் கதை இல்லை, பாதிக் கதை.

அரசு தன் சொந்த மக்களுக்காவது பொறுப்பேற்றதா என்றால் அதுவும் ஒரு தலைப்பட்சம். 1953இல் ராணுவ ஓய்வூதியம் திரும்ப வந்தது. போர்க்குற்றவாளிகளாகத் தண்டிக்கப்பட்டவர்களின் குடும்பங்களும் அதற்குள் வந்தன. முன்னாள் ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் இதுவரை கொடுத்தது சுமார் 60 லட்சம் கோடி யென். அணுகுண்டு தவிர்த்த விமானக் குண்டுவீச்சில் கையிழந்த, காலிழந்த, அனாதையான பொதுமக்களுக்கு ஒன்றுமில்லை. போரின் துன்பத்தை மக்கள் எல்லாரும் சமமாகப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று 1987இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தன் தெருக்காரருக்கே ‘அது விதி, பொறுத்துக்கொள்’ என்று சொல்லும் அரசு, ஜப்பானியப் படை படுகொலை நடத்திய சீன நகரமான நான்ஜிங்கின் ஆட்களுக்கு வேறு பதில் சொல்லுமா? வெளியாருக்கான பொறுப்பும் உள்ளாருக்கான பொறுப்பும் ஒரே இடத்தில்தான் அடைபட்டுக் கிடக்கின்றன என்பது என் எண்ணம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இந்தப் பக்கத்தைக் கவனிப்பதே இல்லை.

சரி, எழுவாயை யாருமே நிரப்பவில்லையா? நிரப்பினார்கள். அவர்களும் ஜப்பானியர்களே.

வியட்நாம் போர் ஒரு திருப்பம். ஒகினாவாவிலிருந்து அமெரிக்க விமானங்கள் பறந்தபோது, போர் எதிர்ப்பு இயக்கம் நடத்திய எழுத்தாளர் ஓதா மக்கோத்தோ 1966இல் ஒரு விஷயத்தைச் சொன்னார்: அரசால் பாதிக்கப்பட்டவனாக இருக்கிற அதே ஆள்தான், அந்தக் காரணத்தாலேயே, இன்னொருவனுக்குக் கேடு செய்பவனாகவும் ஆகிறான். ஜப்பானியத்தில் பாதிக்கப்பட்டவர் ‘ஹிகாய்ஷா’, பாதிப்பை உண்டாக்கியவர் ‘காகாய்ஷா’. ஓரெழுத்து வித்தியாசம். ‘காகாய்’ என்ற சொல் பொதுப்பேச்சில் புழங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். 1971இல் நிருபர் ஹோண்டா காத்சுயிச்சி சீனாவுக்குப் போய், உயிர் தப்பியவர்களிடம் கேட்டதை அசாஹி நாளிதழில் தொடராக எழுதினார். பல வீடுகளுக்கு ‘நான்ஜிங்’ என்ற சொல் அப்போதுதான் வந்து சேர்ந்தது.

அதற்கு முன்பே பேசிக்கொண்டிருந்த ஒரு கூட்டம் உண்டு. போருக்குப் பின் சீனாவின் ஃபூஷூன், தாய்யுவான் சிறைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜப்பானியர்கள் இருந்தார்கள். 1956இல் 45 பேர் மீது மட்டும் வழக்கு நடந்தது. ஒருவருக்கும் மரண தண்டனை இல்லை. மற்றவர்களை அப்படியே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பியவர்கள் 1957இல் ஒரு சங்கம் அமைத்து, நான் இந்தக் கிராமத்தில் இன்னாரைக் கொன்றேன், இந்த வீட்டைக் கொளுத்தினேன் என்று தன்மை ஒருமையில் சொல்ல ஆரம்பித்தார்கள். ஊர் என்ன சொன்னது? கம்யூனிஸ்டுகள் மூளைச்சலவை செய்துவிட்டார்கள். வேலை கிடைக்கவில்லை, போலீஸ் பின்தொடர்ந்தது. ஆனாலும் 2002இல் முதுமையால் சங்கத்தைக் கலைக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்த கதை கைகோஷா கதை. அது முன்னாள் ராணுவ அதிகாரிகளின் சங்கம், பழமைவாதிகளின் கோட்டை. நான்ஜிங் படுகொலை பொய் என்று நிரூபிக்க, 1984இல் தங்கள் பத்திரிகையில், அங்கே இருந்த அதிகாரிகள் எழுதி அனுப்புங்கள் என்று அறிவிப்புக் கொடுத்தார்கள். கடிதங்கள் வந்தன. பலவற்றில், ஆமாம் நடந்தது, கைதிகளை வரிசையாக நிறுத்திக் கொன்றோம் என்று இருந்தது. ஆசிரியர் குழுவில் இருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மறைத்துவிடலாம் என்ற யோசனையும் உள்ளே வந்தது. கடைசியில் 1985 மார்ச்சில், எண்ணிக்கையைச் சில ஆயிரங்கள் என்று குறைத்தே கணக்கிட்டாலும், சீன மக்களிடம் ஆழ்ந்த மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை என்று அச்சிட்டார்கள். மறுக்கப் போனவர்கள் மன்னிப்போடு திரும்பினார்கள். இதை மறுப்பாளர்கள் எடுத்துச் சொல்வதில்லை. ஜப்பானைக் குறைசொல்பவர்களும் சொல்வதில்லை.

பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டீர்கள். ‘சொல்லித் தருவதே இல்லை’ என்பது சரியில்லை. பாடப்புத்தகங்களில் நான்ஜிங் இருக்கிறது, ஒரு வரியாகவோ ஓர் அடிக்குறிப்பாகவோ. இந்த வரிகளுக்காக வரலாற்றாசிரியர் இயேனாகா சபுரோ 1965 முதல் 1997 வரை, 32 ஆண்டுகள், கல்வி அமைச்சகத்தோடு வழக்காடினார். மஞ்சூரியாவில் மனிதர்கள் மேல் கிருமிச் சோதனை நடத்திய 731ஆம் படைப்பிரிவைப் பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் கடைசித் தீர்ப்பில் சொன்னது. 1991இல் கொரியாவில் கிம் ஹக்-சுன் என்ற பெண், ஜப்பானிய ராணுவத்தின் பாலியல் விடுதிகளில் அடைக்கப்பட்டதை முகம் காட்டிச் சொன்னார். அடுத்த ஜனவரியில் பேராசிரியர் யோஷிமி யோஷியாக்கி ராணுவமே அதில் ஈடுபட்டதற்கான ஆவணங்களை அரசுக் காப்பகத்திலிருந்து எடுத்துப் போட்டார். 1997இல் நடைமுறைக்கு வந்த நடுநிலைப்பள்ளி வரலாற்றுப் புத்தகங்கள் ஏழிலும் அது இடம்பெற்றது. உடனே எதிரலை. இதெல்லாம் ‘தன்னையே வதைத்துக்கொள்ளும் வரலாற்றுப் பார்வை’ என்று ஒரு கூட்டம் கிளம்பிச் சொந்தமாகவே பாடப்புத்தகம் எழுதியது. 2001இல் அதை வாங்கிய பள்ளிகளின் பங்கு 0.039 சதவீதம். பெற்றோரும் ஆசிரியர்களும் உள்ளூரில் போராடித் தடுத்தார்கள். ஆனாலும் தோற்றவர்கள்தான் ஒருவகையில் ஜெயித்தார்கள்: வம்பு வேண்டாம் என்று மற்ற பதிப்பாளர்கள் தாங்களாகவே அந்தப் பெண்கள் பற்றிய வரிகளைக் குறைத்து, சுமார் பதினைந்து ஆண்டுகளில் அது நடுநிலைப்பள்ளிப் புத்தகங்களிலிருந்து மறைந்தது. பிறகு ஒரு சிறிய பதிப்பகம் திரும்பக் கொண்டுவந்தது. இதைத் தவிர நம் ஊர் மாதிரியே ஒரு பிரச்சினையும் உண்டு. கற்காலத்தில் தொடங்கும் வரலாறு இருபதாம் நூற்றாண்டுக்கு வரும்போது ஆண்டே முடிந்துவிடும். 2022இல்தான் உயர்நிலைப்பள்ளியில் நவீன வரலாற்றுக்குத் தனிக் கட்டாயப் பாடம் வந்தது.

மன்னிப்பு விஷயத்துக்கு வருவோம். இரண்டு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். ‘ஹான்செய்’ என்றால் தன்னைத் திரும்பிப் பார்த்து, செய்ததை எண்ணி வருந்துவது. பள்ளியில் குறும்பு செய்த பையனிடம் எழுதி வாங்கும் கடிதத்துக்கும் இந்தச் சொல்தான். எதிரே ஆள் தேவையில்லை. ‘ஓவாபி’ என்றால் மன்னிப்புக் கேட்பது. அதற்கு எதிரே ஆள் வேண்டும். அரசு அறிக்கைகளில் எது இருக்கிறது, எது இல்லை என்று சியோலும் பெய்ஜிங்கும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது இதனால்தான். சோஷலிஸ்ட் பிரதமர் முராயாமா 1995 ஆகஸ்ட் 15 அறிக்கையில் இரண்டையும் சொன்னார். குடியேற்ற ஆட்சி, ஆக்கிரமிப்பு என்ற சொற்களையும் சொன்னார். தெளிவான மன்னிப்புதான் அது. ஆனால் இரண்டு மாதம் முன்பு இதே விஷயத்தில் நாடாளுமன்றத் தீர்மானம் வந்தபோது, 511 இடங்கள் கொண்ட கீழவையில் ஆதரவு வாக்கு 230. இந்தப் பக்கத்திலும் அந்தப் பக்கத்திலும் ஏராளமானோர் வரவே இல்லை. மன்னிப்பு கேட்பார்கள், மறுவாரமே ஓர் அமைச்சர் அதைக் குலைக்கிற மாதிரி எதையாவது பேசிவைப்பார். வெளியே இருப்பவர்களுக்கு இரண்டாவதுதான் நினைவில் நிற்கும்.

2015இல் அபே, முந்தைய அரசுகள் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டிருக்கின்றன என்று இறந்தகாலத்தில் சொல்லி, போரோடு சம்பந்தமே இல்லாத பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தொடர்ந்து மன்னிப்புக் கேட்க வேண்டிய விதியைச் சுமக்கக் கூடாது என்றார். இந்த வரி மக்களிடம் எடுபட்டது. அசாஹி 2006இல் கேட்டபோது, அண்டை நாடுகளிடம் கேட்ட மன்னிப்பும் கொடுத்த ஈடும் போதாது என்றவர்கள் பாதிப் பேர். 2015இல் 57 சதவீதம் பேர் போதும் என்றார்கள். இது வெறுப்பு என்பதைவிட அலுப்பு என்பேன். அலுப்பும் நியாயமில்லாதது இல்லை. இருபது வயதுப் பெண்ணிடம் கொள்ளுத்தாத்தா செய்ததற்குத் தலைகுனி என்றால் அவளுக்குப் புரியாது. ஆனால் மன்னிப்பு வேறு, தெரிந்து வைத்திருப்பது வேறு. முதலாவதை முடித்துக்கொள்ளும் அவசரத்தில் இரண்டாவதும் கதவுக்கு வெளியே போய்விடுகிறது. 2025 ஆகஸ்ட் 15 அன்று, பிரதமரின் போர்நினைவு விழாப் பேச்சில், இஷிபா 13 ஆண்டுகளுக்குப் பிறகு ‘ஹான்செய்’ என்ற சொல்லை மீண்டும் எடுத்தார். அக்டோபரில் தனிப்பட்ட முறையில் ஒரு நீண்ட குறிப்பும் வெளியிட்டார். அதன் மையக் கேள்வி: அந்தப் போரை நாம் ஏன் தடுக்க முடியாமல் போயிற்று? நாடாளுமன்றமும் பத்திரிகைகளும் ராணுவத்தின் கையைப் பிடித்து நிறுத்தத் தவறியதைச் சொல்லியிருந்தார். ஒரு பிரதமர் இவ்வளவு தூரம் வந்தது பெரிது. ஆனால் இங்கேயும் அது தடுக்க முடியாமல் போன ஒன்றாகத்தான் இருக்கிறது.

யாசுகுனி கோயிலைச் சொல்லாமல் முடியாது. நாட்டுக்காகப் போரில் இறந்த சுமார் 24 லட்சத்து 60 ஆயிரம் பேரைத் தெய்வமாக வைத்திருக்கும் இடம். 1978இல் முதல்தரப் போர்க்குற்றவாளிகள் 14 பேரையும் சத்தமில்லாமல் சேர்த்தார்கள். ஹிரோஹிதோ 1975க்குப் பிறகு அங்கே போகவே இல்லை. அந்தச் சேர்க்கைதான் காரணம் என்பது, அவருடைய அரண்மனை அதிகாரியின் குறிப்பு 2006இல் வெளிவந்தபோது தெரிந்தது. அவர் மகனும் பேரனும்கூட மன்னரான பிறகு அங்கே போனதில்லை. மகன் அகிஹிதோ சைப்பான், பலாவ், பிலிப்பைன்ஸ் என்று போர் நடந்த இடங்களுக்குப் போய்க் குனிந்து நின்றார். அதனால் வலதுசாரிகள் மன்னரைக் கும்பிட்டுக்கொண்டே மன்னரோடு முரண்படுகிறார்கள். வேடிக்கைதான். கோயில் வளாகத்தில் ராதாபினோத் பாலுக்கு 2005இல் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். சாதாரண மக்கள் மேல் ஜப்பானியப் படைகள் கொடுமை செய்தன என்பதற்குச் சாட்சியங்கள் மிக வலுவாக உள்ளன என்று அதே தீர்ப்பில் பால் எழுதியிருப்பதை அங்கே யாரும் பேசுவதில்லை.

கோயிலை ஒட்டியது யூஷூகான் அருங்காட்சியகம். உள்ளே நுழைந்ததும், டிக்கெட் வாங்கும் முன்னே, பளபளவென்று ஒரு கறுப்பு நீராவி எஞ்சின் நிற்கும். சி56 வகை, 31ஆம் எண். 1943 அக்டோபரில் தாய்லாந்து–பர்மா ரயில்பாதை திறப்பு விழாவில் ஓடியது. நம் மலேசிய உறவுகள் சயாம் மரண ரயில் என்று சொல்வார்களே, அதேதான். 415 கிலோமீட்டர். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போன தமிழர்கள் காலராவிலும் பசியிலும் காட்டுக்குள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். கைதிகளான வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காவது காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறை உண்டு. நம்மவர்களுக்கு அதுவும் இல்லை. நேதாஜியை வைத்தே ஜப்பானை நினைத்துப் பழகிய நம் ஊரில் இதைப் பற்றிப் பெரிதாகப் பேசியதும் இல்லை. அந்த எஞ்சின் முன் பள்ளிப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது கோபம் வருவதில்லை. அவர்களுக்கு அது ஓர் எஞ்சின். ஆனால் அதே பாதையில் ராணுவப் போலீசுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த நகாசே தகாஷி, பிற்பாடு நூறு முறைக்கு மேல் தாய்லாந்துக்குப் போய் அங்கே பௌத்தக் கோயில் கட்டி, படிப்புதவி கொடுத்து, தன் கண்முன் சித்திரவதைப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரியை 1993இல் குவாய் ஆற்றுப் பாலத்தருகே சந்தித்து மன்னிப்புக் கேட்டார். அரசு அனுப்பி இல்லை.

ஜெர்மனியோடு ஒப்பிடுவதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. அங்கே ஹிட்லரும் ஆட்சியும் இல்லாமல் போய், நாடே இரண்டாகி, அண்டை நாடுகளோடு ஒத்துப்போகாமல் வாழ முடியாத நிலை. இங்கே மன்னர் தொடர்ந்தார்; பனிப்போரில் சீனாவும் வடகொரியாவும் எதிர்ப்பக்கம்; அமெரிக்காவோடு ஒத்துப்போனால் போதும் என்றாகிவிட்டது. ஜெர்மனியிலும் முதல் இருபது ஆண்டுகள் ஏறக்குறைய மௌனம்தான். பெரிய வேறுபாடு ஒன்று உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஜெர்மன் நீதிமன்றங்கள் ஜெர்மன் குற்றவாளிகளைத் தாங்களே விசாரித்தன. ஜப்பானிய நீதிமன்றங்கள் அப்படிச் செய்யவில்லை.

இப்போது நிலைமை எப்படி என்றால், டோக்கியோவைவிட ஊர்களில் பார்க்க வேண்டும். மன்னருக்கும் பொறுப்பு உண்டு என்று 1988இல் சொன்ன நாகசாகி மேயர் மோத்தோஷிமாவை, 1990 ஜனவரியில் ஒரு வலதுசாரி முதுகில் சுட்டான். பிழைத்துக்கொண்டார், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஹிரோஷிமா அருங்காட்சியகம் 1994இல், இந்த நகரம் ஒரு ராணுவத் தளமாக இருந்தது என்பதையும் காட்டத் தொடங்கியது. ஒசாகாவின் அமைதி அருங்காட்சியகம் எதிர்த் திசையில் போய், 2015இல் ஜப்பான் ஆசியாவில் செய்ததைக் காட்டும் பகுதிகளை அரசியல் அழுத்தத்தால் எடுத்துவிட்டது. குன்மா மாகாணப் பூங்காவில் கொரியத் தொழிலாளர்களுக்காக 2004இல் வைத்த நினைவுச்சின்னத்தில் ‘நினைவு, ஹான்செய், நட்பு’ என்று எழுதியிருந்தது. 2024 தொடக்கத்தில் மாகாண அரசே இயந்திரம் வைத்து அகற்றியது.

யமாகுச்சி மாகாணத்தில் ஊபே என்ற ஊரின் கடற்கரையில் நின்றால், அலைகளுக்கு நடுவே இரண்டு தடித்த கான்கிரீட் தூண்கள் தெரியும். கடலுக்கடியில் ஓடிய சோசெய் நிலக்கரிச் சுரங்கத்தின் காற்றுக்குழாய்கள் அவை. 1942 பிப்ரவரி 3 காலை சுரங்கக் கூரை உடைந்து கடல் உள்ளே வந்தது. 183 பேர் இறந்தார்கள். 136 பேர் கொரியத் தீபகற்பத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். உடல்கள் உள்ளேயே கிடக்க, சுரங்க வாயை அடைத்துவிட்டார்கள். 1982இல் அங்கே ஒரு நினைவுக்கல் வைத்தபோது கொரியர்கள் என்ற சொல்லே அதில் இல்லை. அது உறுத்திய உள்ளூர்க்காரர்கள் சிலர் 1991இல் ஒரு குழு அமைத்தார்கள். இறந்தவர்களின் உறவினர்களைக் கொரியாவில் தேடிக் கடிதம் போட்டார்கள். 2013இல் எல்லாப் பெயர்களோடும் வேறொரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். எலும்புகளை எடுத்துத் தாருங்கள் என்று அரசிடம் கேட்டார்கள். எங்கே கிடக்கின்றன என்று தெரியாது, ஆபத்து என்று பதில் வந்தது. 2024இல் பொதுமக்களிடம் பணம் திரட்டித் தாங்களே மண்ணைத் தோண்டி, எண்பது ஆண்டுகளாக மூடிக் கிடந்த சுரங்க வாயைத் திறந்தார்கள். முக்குளிப்பவர்கள் இருட்டுத் தண்ணீருக்குள் பலமுறை போய்வந்தார்கள். 2025 ஆகஸ்டில் சில எலும்புகளும் ஒரு மண்டையோடும் மேலே வந்தன. உறவினர்களின் மரபணு மாதிரிகள் ஏற்கெனவே சேகரித்து வைத்திருக்கிறார்கள். அந்த எலும்புகள் யாருடையவை என்று பார்க்க வேண்டும்.